தோல் உறைமேல் போட்ட பழி

அந்தத் தோல் உறைமேல் ஒரு குற்றமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வராத பயல் நான். இங்கேயாவது சொல்லித் தொலைக்கிறேன்.

என் பெயர் ஃபுசேனி ஜாரா. மாலி நாட்டுக் காயெஸ் ஊர் ரயிலடிக்கு எதிரே, மாமரத்தடியில் ஒரு மேஜையும் கண்ணாடிப் பெட்டியும் போட்டு செல்போன் ரிப்பேர் பார்க்கிறேன். பதினாறு வருஷமாக இதே மரம், இதே மேஜை. ஏப்ரல் மாதம் எங்கள் ஊரில் தகரத்தைத் தொட்டால் கை பொத்துப்போகும். அந்த மாதம் முழுக்க என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரே புகார்தான், போன் சுடுகிறது. கூடவே ஒரே கேள்வி, கவர் போட்டதால்தான் சுடுகிறதா?

இதற்கு நேர்மையான பதில் எனக்குத் தெரியும். கவர் கொஞ்சம் சூட்டைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். சூட்டை அது உண்டாக்காது. வெயிலில் வைத்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டே மணிக்கணக்கில் படம் பார்த்தால், ஒன்றும் போர்த்தாமல் கிடக்கிற போனும்தான் கொதிக்கும். உள்ளே பேட்டரி கெட்டிருந்தால் கவரைப் போட்டாலும் ஒன்றுதான், கழற்றினாலும் ஒன்றுதான். இதை எத்தனையோ பேருக்குப் பொறுமையாக உட்கார்ந்து சொன்னவன் நான். தெனேவுக்கு மட்டும் மாற்றிச் சொன்னேன்.

தெனே திராவோரே என் மேஜையிலிருந்து இருபது எட்டு தள்ளி ஐஸ்பெட்டி வைத்து வியாபாரம் செய்கிறவள். பிஸ்ஸாப் என்கிற சிவப்புப் புளிச்சைப்பூச் சாறும் இஞ்சிச் சாறும் சின்னச் சின்ன பாக்கெட்டில் உறைய வைத்து விற்பாள். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். புருஷன் மக்கான் பாரிஸ் பக்கம் எங்கோ அலுவலகங்களைத் துடைக்கிற வேலையில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அவனும் திராவோரேதான். அவளுக்குப் பிறந்த வீடும் திராவோரே, புகுந்த வீடும் திராவோரே.

ஜாரா குலத்துக்கும் திராவோரே குலத்துக்கும் கேலிமுறை. நேற்று இன்று வந்ததல்ல, எங்கள் பாட்டன்களுக்கும் முந்தியது. திராவோரே ஒருவரைப் பார்த்தால் ‘பயறுதின்னி’ என்று நான் திட்டியே ஆக வேண்டும். அவர் என்னைத் திருடன் என்பார், அதே பயறுதின்னி என்றும் திருப்பிச் சொல்லுவார். கோபப்படக் கூடாது. திராவோரே வீட்டில் சண்டை என்றால் ஒரு ஜாரா போய் நடுவில் உட்கார்ந்து கேட்டதை அவர்கள் மறுக்கவும் கூடாது. ஒன்றே ஒன்று ஆகாது. ஒருவரை ஒருவர் நிஜமாக ஏமாற்றக் கூடாது. ஏமாற்றினவன் உருப்பட மாட்டான் என்று சின்ன வயதிலேயே எல்லா வீட்டிலும் சொல்லிவைத்துவிடுவார்கள்.

காலையில் தெனே ஐஸ்பெட்டியை இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். “ஏ பயறுதின்னி, நேத்து ராத்திரி உன் வீட்டுப் பக்கம் ஒரே இடிச்சத்தமாமே. மழைதான் ஒரு சொட்டக் காணோம்.” பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் விட மாட்டேன். அவள் சாறு பாக்கெட்டைக் குடித்துத்தான் செனகல் ஆற்று மீனெல்லாம் செத்து மிதக்கிறது என்பேன். இந்த நாலு வசவு வாங்காமல் எனக்கு வேலை ஓடாது.

பிப்ரவரியில் அவள் போனின் பேட்டரி உப்பிப்போனது. அந்த மாடலுக்குப் புதுப் பேட்டரி தலைநகர் பாமகோவிலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும். அவளுக்கோ வியாழக்கிழமைக்குள் வேண்டும். ஏனென்றால் மக்கான் வியாழன் மதியம் ஒரு மணிக்குத்தான் கூப்பிடுவான். வேலைக்குப் போகுமுன் அவனுக்குக் கிடைக்கிற ஓய்வு அது. நான் மேஜை இழுப்பறையைத் துழாவினேன். யாரோ விட்டுப்போன உடைந்த போனிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஒன்று கிடைத்தது. துடைத்து, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே வைத்து மூடினேன். புதுசு என்று சொல்லித்தான் காசு வாங்கினேன். நல்லது வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்ததும் நிஜம். வந்தது. வேறொருவனுக்குப் போட்டேன். இவளுடையது மறந்தேபோனது.

மார்ச் கடைசியில் அவள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏ திருடா, இது போனா இல்ல கரி அடுப்பா? காதுல வச்சா காது வேகுது.”

கையில் வாங்கினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வைத்த பழைய பேட்டரிதான். ஆனால் பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் விலை கூடின போனைப் பிரிக்கக் கொடுத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நான் பழைய பேட்டரியைப் புதுசென்று விற்றவன் என்று ஆகிவிடுமே. யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

“இந்த வெயில்ல ஆட்டுத்தோலப் போர்த்தி வச்சிருக்க. நீ கம்பளியப் போர்த்திக்கிட்டு நடுரோட்டுல நின்னா வேர்க்காதா? கொதிக்கிற பானைக்கே மூடி போடுற கூட்டமாச்சே நீங்க. கழட்டிப் போடு, சரியாயிரும்.”

பெஞ்சு சிரித்தது. தெனே சிரிக்கவில்லை. அந்த உறையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோல், ஓரமெல்லாம் மஞ்சள் நூல் தையல், மூடியில் ஒரு சின்னப் புடைப்பு. அந்தப் புடைப்புக்குள் ஆலிம் எழுதிக் கொடுத்த தாயத்துச் சீட்டு இருந்தது. போன தடவை ஊருக்கு வந்தபோது மக்கானே தோல் தைக்கிறவர் வீட்டுத் திண்ணையில் அரைநாள் உட்கார்ந்து தைத்து வாங்கியது. ‘இது உன் கையில இருந்தா நான் பக்கத்துல இருக்கிற மாதிரி’ என்று சொல்லிக் கொடுத்தானாம். சந்தையில் எல்லோருக்கும் அவளே நாலு தடவை சொன்ன கதைதான், எனக்கும் தெரியும். தெரிந்தும், வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வை, மழை விழுந்ததும் போட்டுக்கொள் என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். ஒரு ஜாரா நிஜமான விஷயத்தில் தன்னை ஏமாற்றுவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே கழற்றி, முந்தியில் முடிந்துகொண்டாள்.

கவர் போன பிறகு இரண்டு நாள் கொஞ்சம் பரவாயில்லை என்றாள். பிறகு பழைய கதைதான். நிழலில் வை, குளிர்ச்சியாக வை என்று ஏதோ பூசி மெழுகினேன். அவள் அதையும் நம்பினாள். மதிய வெயில் ஏறியதும் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ்பெட்டிக்குள் சாறு பாக்கெட்டுகளுக்கு நடுவே வைக்க ஆரம்பித்தாள். இருபது எட்டு தூரத்திலிருந்து இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். ஈரம் இறங்கினால் போனே போய்விடும் என்று ஓடிப்போய்த் தடுக்க வேண்டியவன், போனுக்கும் விலை போட்டு விற்கிறாயா என்று கேலி பேசிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஐஸ்பெட்டியின் மூடி அரை சாண் கனம். உள்ளே போன் அடித்தால் வெளியே கேட்காது. வியாழன் ஒரு மணிக்கு மக்கான் கூப்பிடுவான், பெட்டிக்குள் அடித்து ஓயும். தெனே பதறி எடுத்துத் திரும்பக் கூப்பிட்டால் இரண்டு வார்த்தையில் சூடேறிப் போன் அணைந்துவிடும். இப்படி மூன்று வியாழன். அதற்குள் மக்கானின் தங்கை நாஞுமா சாறு வாங்க வந்தவள், போனில் அண்ணன் தைத்துக் கொடுத்த உறை இல்லாததைப் பார்த்துவிட்டாள். பார்த்ததைப் பாரிஸுக்குச் சொல்லிவிட்டாள்.

நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தனியாக இருக்கிற ஆண்பிள்ளை வேறென்ன நினைப்பான்? நான் கொடுத்ததைக் கழற்றி எறிந்தாள், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, எடுத்தாலும் துண்டிக்கிறாள். அண்ணன் பண்டியுகுவுக்குக் குரல் பதிவு அனுப்பிவிட்டான், அவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று. சனிக்கிழமை பஸ் என்று அண்ணனும் முடிவு செய்துவிட்டார்.

வியாழன் சாயங்காலம் தெனே என் மேஜைக்கு வந்தாள். கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தேன், பெஞ்சில் யாரும் இல்லை.

“பயறுதின்னி, உன்கிட்ட ஒரு வேலை இருக்கு” என்றாள். வழக்கமான வசவுதான், ஆனால் குரல் உள்ளே போயிருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னாள். “புள்ளைங்க ரெண்டும் அவங்க வீட்டுப் புள்ளைங்களாம். நான் மட்டும் பொட்டியத் தூக்கிட்டுப் போகணுமாம். நீ வந்து கேட்டா தட்ட மாட்டாங்க. வந்து சொல்லு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். பேட்டரி பழசு, பொய் சொன்னேன் என்று ஒரே வரி. அவளும் நானும் தவிர அங்கே ஒரு ஆடுதான் நின்றது. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஜும்மா முடிந்து போனேன். முற்றத்து வேப்பமரத்தடியில் பாய் போட்டு, கரியடுப்பில் முதல் சுற்றுத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பண்டியுகு மீசை நரைத்த பெரிய மனிதர். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, ஜாரா வந்திருக்கிறான், கோழிகளை எண்ணி வையுங்கள் என்றார். நானும் பதிலுக்கு, இந்த வீட்டுக் கோழிகூடப் பயறு நாற்றம் என்றேன். சிரித்து முடித்து, விஷயத்துக்கு வந்தேன். கவரைக் கழற்றச் சொன்னது நான்தான் என்றேன். அதுவரை வாய் வந்தது.

“சொன்னது நீ. கழட்டினது அவதான?” என்றார். “ரிப்பேர்காரன் புருஷன விடச் சொன்னா விட்ருவாளா?”

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அவள் கழற்றவே தேவையில்லை, குற்றம் நான் உள்ளே வைத்த பேட்டரியில் என்பதுதான் அது. அதைச் சொல்லாமல், ஜாரா கேட்கிறேன், எனக்காக விட்டுவிடுங்கள் என்றேன். முறையை முன்னால் தூக்கிப் போட்டால் யாரால் மறுக்க முடியும்? பண்டியுகு பெருமூச்சு விட்டார். உன் முகத்துக்காக விடுகிறேன், ஆனால் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். மக்கானைத் தன் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாயின் நடுவே வைத்தார். என் கையில் மரியாதைக்குக் கோலாக் கொட்டை நாலு கொடுத்தார்கள்.

தெனே வந்து மண்ணில் மண்டியிட்டாள். பிள்ளைகள் இரண்டும் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

“கவரக் கழட்டினது என் தப்பு” என்றாள். “உங்க மரியாதையக் காப்பாத்தாம விட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

போனில் மக்கான், நம்ம ஜாரா வந்து கேட்டதால் மட்டும் மன்னிக்கிறேன், இன்னொரு தரம் இருக்காது என்றான். அவள் தலையைக் குனிந்தபடி சரி சரி என்றாள். நான் பாயில், நடுநாயகமாக, கோலாக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். நாஞுமா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வெட்கங்கெட்டவன், அதையும் குடித்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோலாக் கொட்டை சட்டைப் பையிலேயே காய்ந்து சுருங்கியது. திங்கட்கிழமை தெனே வந்தாள், போன் மறுபடி தோல் உறைக்குள். இனிமேல் இந்தக் கவரை உசிர் போகிறவரை கழற்ற முடியாது, வேறு வழி ஏதாவது பார், தூங்குமூஞ்சி ஜாரா என்று போட்டுவிட்டுப் போனாள். என் சொந்தப் போனும் அதே மாடல். அதிலிருந்த நல்ல பேட்டரியைக் கழற்றி அவளுடையதில் வைத்தேன். இப்படிச் சத்தமில்லாமல் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு ஆசை. எவ்வளவு கேவலமான ஆசை என்று இப்போது தெரிகிறது.

வியாழன் ஒரு மணி. வெயில் நாற்பத்தைந்துக்கு மேல். தெனே ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்து, தோல் உறையோடு போனைக் காதில் வைத்து முக்கால் மணி நேரம் மக்கானோடு பேசினாள், சிரித்தாள். பேசி முடித்துக் கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எழுந்து என்னிடம் வந்தாள். போனை மேஜையில் வைத்து, என் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள்.

“தொட்டுப் பாரு. சுடல. கவர் மேலதான் இருக்கு. வெயிலும் அதே வெயில்தான்.” என் முகத்தைப் பார்த்தாள். “உள்ள என்னத்த மாத்தின?”

சொன்னேன். இழுப்பறை, பழைய பேட்டரி, ஸ்டிக்கர், பெஞ்சில் இருந்த இரண்டு பேர், எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிரவில்லை. அவள் கத்துவாள், மேஜையைக் கவிழ்ப்பாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் இருந்தேன்.

“நான் மண்டி போட்டப்ப நீ பக்கத்துலதான இருந்த” என்றாள்.

“இருந்தேன்.”

“என் புள்ளைங்க பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க.” குரல் உயரவே இல்லை. “இப்ப எனக்குச் சொன்னத எங்க வீட்டுல வந்து சொல்லு.”

அன்று சாயங்காலமே போனேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பண்டியுகு, நாஞுமா, இன்னும் இரண்டு உறவுக்காரர்கள் அதே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். உட்காரக்கூட இல்லை. தெனேமேல் தப்பில்லை, நான்தான் பழைய பேட்டரியைப் புதுசென்று விற்றேன், மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கவர்மேல் பழியைப் போட்டேன், நான் திருடன் என்றேன்.

ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பண்டியுகு சிரிக்க ஆரம்பித்தார். தேநீர்க் கண்ணாடி கையில் தளும்பியது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“ஜாரா திருடன்னு எங்க பாட்டன் காலத்துலேர்ந்து சொல்றோம்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இன்னைக்குத்தான் ஒருத்தன் ஒத்துக்கிட்டான்.”

கேலி இல்லை, நிஜம் என்றேன். இன்னும் சிரித்தார்கள். அல்லாமேல் ஆணை என்றேன். நாஞுமா விழுந்து புரண்டாள். தெனே பேரில் ஒரு சொட்டுக் கறைகூட இருக்கக் கூடாதென்று இவன் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறான் பார், இதுதான் நல்ல ஜாரா என்று பண்டியுகு என் முதுகில் தட்டினார். நான் சொன்னதை மறுபடி சொல்லவைத்து, பதிவு செய்து, மக்கானுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு பாரிஸிலிருந்து வந்தது. தெனே சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் ஐஸ்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது நானே போய் நின்றேன். ஏ பயறுதின்னித் திராவோரேக்காரி, இன்றைக்கு எந்த ஆற்று மீனைக் கொல்லப் போகிறாய் என்றேன். குரல் எனக்கே தகரம் மாதிரிக் கேட்டது.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். வெளியூர்ப் பெரியவர் யாரோ வந்தால் நிற்பது போல நின்றாள்.

“வாங்க ஃபுசேனி அண்ணே” என்றாள். “வீட்ல எல்லாரும் சுகமா? புள்ளைங்க சுகமா? ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?”

மழை வந்து போய்விட்டது. மறுபடி அடுத்த ஏப்ரலும் வந்துவிட்டது. அவள் போன் அந்தச் சிவப்புத் தோலுக்குள் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அவள் என் மனைவி, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறாள். சந்தையே அவளுடைய மரியாதையைப் பார்த்து ஆச்சரியப்படுகிறது. மற்ற திராவோரேக்கள் என்னை வாய் வலிக்கத் திட்டுகிறார்கள், அதில் எனக்கு ஒன்றும் தீரவில்லை. போன வாரம் பெஞ்சில் ஆள் இருந்ததையும் பார்க்காமல் அவளிடம் போய்க் கெஞ்சிவிட்டேன். ஒரே ஒரு தடவை என்னைத் திருடா என்று கூப்பிடு தெனே என்றேன்.

அவள் ஒரு பாக்கெட்டை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

“அப்படியெல்லாம் சொல்லலாமா அண்ணே. என் குடும்பத்தச் சேத்து வச்ச மனுஷன் நீங்க.”